கேளுங்கள், சொல்கிறோம்: கோல்ஃப் பக்கம்

கே: மரீனா பே கோல்ஃப் மைதானம் மூடியாகிவிட்டது. கிளப் உறுப்பினராக இல்லாத என்னைப் போன்றவர்கள் எங்கே போவது? – வாசகர், ஈசூன்

ப: 2024 ஜூனோடு குத்தகை முடிந்தது, என்ன செய்வது! சிங்கப்பூரின் ஒரே பார் 6 குழி அங்கேதான் இருந்தது. ஆறு வீச்சில் குழியில் போட வேண்டிய பந்தைப் பத்தில் போட்டுவிட்டுக் கடல்காற்றின் மேல் பழி போட வசதியான இடம். இப்போது பலர் விடியுமுன்பே பாஸ்போர்ட்டும் கோல்ஃப் பையுமாக ஜோகூர் கிளம்புகிறார்கள், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையிலேயே பாதித் தெம்பு போய்விடுகிறது, மீதி முதல் பந்து குளத்தில் விழும்போது.

கே: கோல்ஃப் வீரர் ரோரி மெக்கில்ராய் மாஸ்டர்ஸ் போட்டியில் ஜெயித்துவிட்டு ஏன் அழுதார்? – வாசகி, தோ பாயோ

ப: அழாமல்? 2014க்குப் பிறகு அதுவரை, 'மேஜர்' எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் எதையும் அவர் வெல்லவில்லை. 2025 மாஸ்டர்ஸில் கடைசிக் குழியில் சுமார் ஐந்தடி தூரப் பந்தைத் தவறவிட்டு, ஜஸ்டின் ரோஸுடன் சமநிலையாகி, மறுபடி அவருடன் மோதித்தான் ஜெயித்தார். அந்த நான்கு பட்டங்களையும் வென்ற ஆறாவது ஆள். நம்மாட்கள் ஐந்தடிக்கு, "சரி, விடுங்க அண்ணே, போனதா வெச்சுக்கலாம்" என்று பந்தைக் கையிலேயே எடுத்துவிடுவார்கள்.

கே: கோல்ஃப் மைதானத்தை பகி வண்டியில் சுற்றினால் உடற்பயிற்சி ஆகுமா? – வாசகர், பொங்கோல்

ப: வண்டிக்கு ஆகும்.