குடும்ப மரத்தில் ஆண், பெண் வயது வரைபடம்: கேள்வி பதில்

கேள்வி: குடும்ப மரம் பதியும் கிராம்ப்ஸ் மென்பொருளில் ஆண், பெண் இருவரின் இறப்பு வயதையும் அருகருகே பார்க்க முடியுமா?

பதில்: அதன் புள்ளியியல் வரைபட அறிக்கையில் ஆண்கள், பெண்கள், இருபாலரும் ஆகியவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எனவே அறிக்கையை இருமுறை எடுக்க வேண்டும். ஒரே படமாக வேண்டுமானால் தரவை விரிதாளுக்கு மாற்றி, ஆண்களின் பட்டைகள் எதிர்ப்பக்கம் வரும்படி அவர்களின் எண்ணிக்கைக்கு முன் கழித்தல் குறியிட்டு, கிடைமட்டப் பட்டைகளாக வரையுங்கள். எண் வடிவத்தை 0;0 என்று அமைத்தால் கழித்தல் குறி படத்தில் தெரியாது.

கேள்வி: எங்கள் மரத்தில் பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களைவிடப் பத்து ஆண்டு அதிகம். அப்படியே குடும்ப வரலாற்றில் எழுதலாமா?

பதில்: பொறுங்கள். பிறப்பு, இறப்பு இரண்டும் பதிவான பெண்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பிரசவத்தில் இறந்த இளம் மனைவியும் பெயரிடுவதற்கு முன்பே இறந்த பெண் குழந்தையும் பல மரங்களில் இடம்பெறுவதே இல்லை. பேரப்பிள்ளைகள் நினைவில் நின்ற பாட்டிகளுக்கே தேதிகள் கிடைக்கின்றன. அதனால் சராசரி தானாக ஏறிவிடும். ‘இத்தனை பெண்களில் இத்தனை பேருக்கே வயது தெரியும்’ என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதுங்கள். அந்த வரி இல்லாத வரைபடத்தை நான் நம்புவதில்லை.

கேள்வி: 1960-க்குப் பின் பிறந்தவர்கள் எல்லோரும் இளம் வயதிலேயே இறந்ததாகப் படம் காட்டுகிறதே?

பதில்: அவர்களில் நீண்ட காலம் வாழப்போகிறவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், இறந்தவர்கள் மட்டுமே கணக்கில் வருகிறார்கள். அறிக்கையில் பிறந்த ஆண்டுக்கு வரம்பு வைக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாழ்பவர்களின் இன்றைய வயதுக்குத் தனிப் படம் போடுங்கள்.

கேள்வி: 60, 70, 80 வயதுகளில் மட்டும் பட்டைகள் உயர்ந்து நிற்கின்றன. ஏன்?

பதில்: வயதை அருகிலுள்ள 60, 70 போன்ற எண்ணுக்கு மாற்றித் தோராயமாகச் சொல்லும் பழக்கம்தான் காரணம். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதை விப்பிள் குறியீட்டால் அளக்கிறார்கள். வயதை 55–64, 65–74 என்று பிரித்தால் அந்த எண்கள் பிரிவின் நடுவில் விழும், திரிபு குறையும். குழந்தை இறப்புகளைத் தனிப் பிரிவாக வையுங்கள்.

கேள்வி: படம் பட்டைக்குப் பதில் வட்டமாக வருகிறது.

பதில்: அறிக்கையின் அமைப்பில், வட்டத்துக்கான அதிகபட்ச உருப்படிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்; பிரிவுகள் அதைவிட அதிகமானால் பட்டையாக வரும்.

கேள்வி: பாலினம் தெரியாதவர்களை என்ன செய்வது?

பதில்: பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். குடும்ப மரத் தரவை மென்பொருள்களுக்கிடையே பரிமாறப் பயன்படும் ஜெட்காம் 7.0 தரத்தில் ஆண், பெண் தவிர, இரண்டிலும் அடங்காதவர், தெரியாதவர் என்ற குறியீடுகளும் உண்டு. அவர்களின் எண்ணிக்கையைப் படத்துக்கு அருகிலேயே குறிப்பிடுங்கள்.