வெயில் ஏறினால் கண் மங்குவது பற்றி

வணக்கம் சகோதரி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை தேயும் நோய்) உள்ள உங்கள் கணவருக்கு, சித்திரை பிறந்ததிலிருந்து மதியம் கண் மங்குகிறது, கால் கனக்கிறது, சாயங்காலம் சரியாகிவிடுகிறது, நோய் முற்றிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அதே நோய்தான். சென்னையில் இது ஒன்பதாவது கோடை.

கேட்டால் உத்தாஃப் விளைவு போலத்தான் இருக்கிறது. ஜெர்மானியக் கண் மருத்துவர் உத்தாஃப் 1890-இலேயே எழுதி வைத்தது. நரம்பின் மயலின் உறை தேய்ந்த இடத்தில், உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சமிக்ஞை தடுமாறும். சூடு தணிந்தால் பழையபடி ஆகிவிடும். புதிய சேதம் இல்லை. 24 மணி நேரம் தாண்டியும் விடவில்லை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

ஏர் கூலர் வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கி ஏமாந்தேன். கடலோரப் புழுக்கத்தில் அது ஈரத்தைத்தான் கூட்டும். கழுத்தில் ஈரத் துண்டு, மின்விசிறி, குளிர்ந்த நீர், இவையே எனக்குப் போதும். வெந்நீர்க் குளியல் வேண்டாம். சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின் சாப்பிடுகிறாரா? அது வியர்வையைக் குறைக்கும், சூடு உள்ளேயே தங்கும். மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், மழைக்காலம். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்தாலும் இதே கூத்துதான். மார்கழிக் குளிரில் எனக்குக் கால் விறைக்கும். காலையில் படுக்கையிலேயே நீட்டி மடக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.