குதிரைக்குத் தோல் நோய் திரும்பத் திரும்ப வருகிறது, என்ன செய்வது?

மருந்து போட்டால் போய்விடுகிறது, சில மாதங்களில் மறுபடி வந்துவிடுகிறது, லாயத்தில் எல்லாரும் 'சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை' என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். தினமும் பிரஷ் போட்டு, குளிப்பாட்டி, சேணத் துணியைத் துவைத்து வைக்கிற ஆள் நீங்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அக்கறை இல்லாதவருக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

என் பெட்டைக் குதிரைக்கு ஈரமான மாதங்கள் பிறந்தால் போதும், பிடரியும் வாலடியும் புண்ணாகிவிடும். வாலின் மேல்பாகத்தில் மயிர் ஒடிந்து ஒடிந்து குச்சி குச்சியாக நிற்கும். விலக்கிப் பார்த்தால் தோல் தடித்து மடிப்பு விழுந்திருக்கும், மடிப்புக்குள் செதிலும் கசிவும். கம்பத்தில் பின்பக்கத்தை வைத்துத் தேய்த்துத் தேய்த்தே கம்பம் வழவழப்பாகிவிட்டது. பூஞ்சை என்று ஒருவர் களிம்பு கொடுத்தார், சொறி என்று இன்னொருவர் ஷாம்பு கொடுத்தார். ஸ்டீராய்டு ஊசி போட்டதும் அரிப்பு நிற்கும், வீரியம் குறைந்ததும் திரும்பும். இதற்கிடையில் 'ஒட்டிக்கொள்ளும், அவளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்' என்று பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் சொன்னதுதான் அதிகம் வலித்தது. அவர்கள் குதிரை ஒன்றுக்குக்கூட ஒரு சொறியும் இல்லை. ஒட்டிக்கொள்கிற நோயாக இருந்தால் அவற்றில் ஒன்றுக்காவது வந்திருக்க வேண்டாமா?

கடைசியில் ஒரு கால்நடை மருத்துவர், மருந்துச்சீட்டில் கை வைக்கும் முன் கேள்வி கேட்டார். எந்த மாதத்தில் வருகிறது, எந்த நேரத்தில் அதிகம் தேய்க்கிறாள், அந்நேரம் எங்கே நிற்கிறாள். காலையில் கழுவுவதற்கு முன் வாலுக்கு அடியில் டேப்பை ஒட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். ஊசிப்புழு ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும், அந்த அரிப்பிலும் குதிரை வாலைத் தேய்க்கும். முட்டை இல்லை. தோலைச் சுரண்டிப் பார்த்தார், பேனும் இல்லை, சொறியை உண்டாக்கும் சிற்றுண்ணியும் இல்லை. மிஞ்சியது குலிக்காய்டிஸ். கொசுவைவிடச் சிறிய, சில மில்லிமீட்டர்கூட இல்லாத கடிக்கும் பூச்சி. அதன் எச்சில் அவளுக்கு ஒவ்வாது. அது எல்லாக் குதிரையையும்தான் கடிக்கிறது, சிலவற்றின் உடம்புதான் இப்படிப் பதில் சொல்கிறது.

சுத்தம் பற்றிப் பாடம் எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐஸ்லாந்தில் இந்தப் பூச்சி நெடுங்காலம் இருந்ததே இல்லை. அங்கே வளர்ந்து ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்குப் போன குதிரைகளில் நிறையவற்றுக்கு இந்த அரிப்பு வந்தது. அதே இனத்தில், பூச்சி உள்ள நாட்டிலேயே பிறந்த குட்டிகளுக்கு அவ்வளவாக வரவில்லை. இதில் வளர்க்கிறவரின் பிரஷுக்கும் வாளிக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பூச்சி விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் கிளம்பும். சேற்றிலும் மட்கும் சாணத்திலும் பெருகும். பறப்பதில் மகா சோம்பேறி, கொஞ்சம் காற்றடித்தாலே நிற்காது. அதனால் அந்த நேரங்களில் அவளை உள்ளே கட்டி, மேலே பெரிய மின்விசிறி ஒன்றை ஓடவிட்டோம். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் இது புகுந்துவிடும், நெருக்கமான வலைதான் வேண்டும். கழுத்து முதல் வாலடி வரை மூடும் பூச்சிப் போர்வையை, அரிப்பு தொடங்குவதற்கு முன்பே, பருவத்தின் ஆரம்பத்திலேயே போட்டுவிடுகிறோம். ஒருமுறை அரிப்பு ஏறிவிட்டால் அடக்குவது கஷ்டம். ஊசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மோசமான சமயத்தில் அதுதான் அவளைக் காப்பாற்றியது. ஆனால் சில குதிரைகளுக்கு ஸ்டீராய்டால் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகும் ஆபத்து உண்டு. வருடம் முழுக்க அதையே நம்பியிருக்க முடியாது.

உங்கள் குதிரைக்கும் இதுவேதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். முதுகிலும் பின்தொடை மேலும் பக்கு கட்டி, பக்கைத் தூக்கினால் மயிர் கொத்தாகச் சின்ன தூரிகை மாதிரி கையோடு வந்து, அடியில் ஈரமாகச் சிவந்திருந்தால் அது டெர்மடோஃபைலஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு நனையாமல் வைப்பதுதான் பாதி வைத்தியம். எதற்கெடுத்தாலும் எண்ணெய் தடவச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பூச்சி உட்காராமல் இருக்க எண்ணெய் கொஞ்சம் உதவும், ஆனால் இந்தப் பக்கின் மேல் தடவினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு நோய் வளரும். பழைய இன்ஜின் ஆயிலைத் தடவச் சொல்பவர்களும் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். சேணமும் வார்ப்பட்டையும் படுகிற இடத்தில் வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது மனிதருக்கும் ஒட்டும். கணுக்காலுக்குக் கீழே மட்டும் வெடிப்பும் பக்கும் வந்தால் அதற்குக் காரணங்கள் பல, ஒரே களிம்பில் தீராது.

    

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை வரும்போது, எதையும் தடவுவதற்கு முன் மருத்துவரைக் கூப்பிட்டு, தோலைச் சுரண்டியும் மயிரைப் பிடுங்கியும் சோதிக்கச் சொல்லுங்கள். மருந்து பூசிய தோலில் காரணம் சரியாகத் தெரியாது. ஒவ்வாமைதான் என்று வந்தால் அது அடியோடு தீராது, என் பெட்டை இப்போதும் ஈர மாதங்களில் லேசாகத் தேய்க்கிறாள், ஆனால் புண் இல்லை, பிடரி மயிர் முழுதாக இருக்கிறது. உடம்பில் எந்த இடத்தில், எந்த மாதத்தில் வருகிறது, கூட இருக்கும் குதிரைகளுக்கும் உண்டா என்று கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.