ஒரு நாளைக்கு 500 பேர் வந்துபோகும் டிபன் கடைக்குத் தரை டைல்ஸ் எது போடலாம்?

கேள்வியின் சுருக்கம்: சாப்பிடும் இடம் 400 சதுர அடி, சமையலறையும் கை கழுவும் இடமும் சேர்ந்து 200. டைல்ஸ் கடையில் பளபளப்பான பி.ஜி.வி.டி.யை (அதிகச் சூட்டில் சுட்டு இறுக்கிய விட்ரிஃபைடு டைல்ஸில், மேல்பூச்சை மெருகேற்றிய வகை) எல்லா இடத்துக்கும் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

வேண்டாம். பி.ஜி.வி.டி.யில் நீங்கள் பார்க்கும் வடிவம், மேலே உள்ள ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சில் அச்சடித்தது. தெருவிலிருந்து செருப்போடு வரும் மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது அந்தப் பூச்சைவிடக் கடினமானது. நாற்காலியை இழுக்கும்போதெல்லாம் அந்த மணல் உப்புத்தாள் போல உரசும். கல்லாவுக்கு முன்னால், வாசலில், நடைபாதையில் முதலில் பளபளப்பு மங்கும். சுவரோரம் அப்படியே மின்னும். அந்தத் திட்டுத் திட்டான தோற்றத்தை எந்தத் துடைப்பும் சரிசெய்யாது. ஈரம் பட்டால் வழுக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சாப்பிடும் இடத்துக்கு மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத) ஜி.வி.டி., அதாவது மேல்பூச்சு உள்ள விட்ரிஃபைடு, அல்லது ஃபுல் பாடி விட்ரிஃபைடு, 2க்கு 2 அடி. ஜி.வி.டி. என்றால் தேய்மான வகுப்பு பி.இ.ஐ. 4க்குக் குறையக் கூடாது, 5 கிடைத்தால் நல்லது. இந்த எண் மேல்பூச்சு உள்ள டைல்ஸுக்கு மட்டும்தான். ஃபுல் பாடிக்கு யாராவது பி.இ.ஐ. சொன்னால் விஷயம் தெரியாமல் சொல்கிறார் என்று பொருள். ஃபுல் பாடியில் மேலிருந்து அடிவரை ஒரே நிறம், அதனால் தேய்ந்தாலும் மூலை பெயர்ந்தாலும் கண்ணை உறுத்தாது. வாசலில் கட்டாயம் அதையே போடுங்கள்.

சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். டைல்ஸுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 13006 படி நீர் உறிஞ்சுதல் 0.5 சதவீதத்துக்குள், முறிவு விசை 1300 நியூட்டனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வழுக்கல் தடையை ஆர் எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் வழுக்கல் குறையும்: சாப்பிடும் இடத்தில் ஆர் 10, சமையலறையிலும் கை கழுவும் இடத்திலும் ஆர் 11. அதற்கு மேல் ஆர் 12, 13 என்று போனால் சொரசொரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கிவிடும், தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்க ஆள் வேண்டும். சமையலறைக்கு 1க்கு 1 அடி டைல்ஸே வசதி. 100க்கு 1 என்ற வாட்டத்தைப் பெரிய டைல்ஸில் ஜாலியை (தண்ணீர் இறங்கும் ஓட்டை மூடியை) நோக்கி நாலாபக்கமும் கொண்டுவருவது சிரமம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நல்ல டைல்ஸும் உடைவது பெரும்பாலும் போட்ட விதத்தால்தான். விட்ரிஃபைடு தண்ணீரை உறிஞ்சாது, அதனால் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டினால் இடையில் காலியாக இருக்கும். 19 கிலோ கேஸ் சிலிண்டரை அந்தக் காலியிடத்தின் மேல் ‘டொம்’மென்று வைத்தால் விரிசல் விழும். டைல்ஸ் அடெசிவ்தான் போட வேண்டும். பல் வைத்த கரணையால் ஒரே திசையில் இழுத்து, டைலின் பின்பக்கமும் மெல்லப் பூசச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போதே ஒரு டைலைப் பெயர்த்துப் பாருங்கள்: பின்பக்கம் முழுக்க அடெசிவ் பிடித்திருக்க வேண்டும். மேஸ்திரி முகம் சுளித்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

டைல்ஸை ஒன்றோடொன்று நெருக்கிப் போடாமல், இடைவெளிக்கு 3 மி.மீ. ஸ்பேசர் வைத்து, ஜாயின்டுக்கு எபாக்சி (கலந்தால் இறுகும் பிசின் கலவை) நிரப்புங்கள். புளி, எலுமிச்சை, தயிர், இவற்றோடு கழுவ ஊற்றும் ஆசிட் எல்லாம் சிமெண்ட் ஜாயின்டை அரித்துவிடும். அந்தப் பள்ளத்தில் சாம்பார்த் தண்ணீர் இறங்கித்தான் நாற்றமும் கரப்பானும் வருகின்றன. எபாக்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, இறுகும் முன்னே துடைத்துவிட வேண்டும். காய்ந்த பிசுக்கு மேட் டைலிலிருந்து லேசில் போகாது. சுவரோரம் 6 முதல் 8 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் (சுவரடிப் பட்டையால்) மூடுங்கள். அங்கே கலவையை அடைத்தால் வெயில் காலத்தில் டைல்ஸ் விரிய இடமில்லாமல் நடுவில் கூடாரம்போல் எழும்பிவிடும்.

அளவு: 2க்கு 2 அடியில் 4 டைல் கொண்ட பெட்டி சுமார் 15.5 சதுர அடி வரும். 400 சதுர அடிக்கு வெட்டுச் சேதம் 8 சதவீதம் சேர்த்து 28 பெட்டி. பின்னாளில் மாற்ற இன்னும் 2 வாங்கி வையுங்கள். பெட்டிகளில் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள், ஒட்டிய பிறகு கடையில் மாற்றித் தர மாட்டார்கள். அடெசிவ் 20 கிலோ மூட்டைக்கு 45 சதுர அடி என்று வைத்தால் மொத்தம் 14 மூட்டை. எபாக்சி சாப்பிடும் இடத்துக்கு 6 கிலோ. சமையலறை அதில் பாதிதான் என்றாலும் சிறிய டைல்ஸில் ஜாயின்ட் அதிகம், அதற்கும் 6 கிலோ ஆகும்.

புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் கழித்து ஒட்டுங்கள். எபாக்சி நிரப்பிய பிறகு 7 நாள் வெந்நீரும் ஆசிட்டும் படக் கூடாது. திறப்பு விழா தேதியை அதற்கேற்ப வையுங்கள். வாசலில் 6 அடி நீளக் கால்மிதி போட்டால் மணலில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடும்.