வயிறு நிறைந்ததை மூளைக்கு யார் சொல்கிறார்கள்?

கேள்வி: நிறைவு தெரிய 20 நிமிடம் ஆகும், அதனால் மெதுவாகச் சாப்பிடு என்கிறார்களே. உண்மையா?

பதில்: 20 என்பதைக் கறாரான கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தாமதம் உண்மைதான். இரைப்பை விரிவதை வேகஸ் நரம்பு உடனே மூளைத்தண்டுக்குச் சொல்லிவிடும். அது எவ்வளவு உள்ளே போனது என்ற தகவல் மட்டுமே. என்ன போனது என்று தெரிய, உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கு இறங்க வேண்டும். கொழுப்பும் புரதமும் அங்கே பட்டதும் சில செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. வேகமாகச் சாப்பிடுகிறவர் அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே தட்டைக் காலி செய்துவிடுகிறார்.

கேள்வி: அது பித்தப்பையைச் சுருங்கவைக்கும் ஹார்மோன் என்றல்லவா படித்தேன்?

பதில்: அதுவும் சரி. 1928-இல் அந்த வேலையை வைத்துத்தான் பெயரே வைத்தார்கள். எலிகளுக்கு இதைச் செலுத்தினால் உணவு குறைகிறது என்று 1973-இல் கிப்ஸ், யங், ஸ்மித் மூவரும் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது பிறகு வந்த ஒரு சோதனை. ஒவ்வொரு வேளையும் இதைக் கொடுத்தபோது எலிகள் வேளைக்குக் கொஞ்சமாகச் சாப்பிட்டன, ஆனால் அதிகத் தடவை சாப்பிட்டு ஈடுகட்டிவிட்டன. ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்துவது வேறு, உடல் எடையைக் காப்பது வேறு என்பது அங்கே தெளிவாகத் தெரிந்தது.

கேள்வி: செமாக்ளூடைடு ஊசி ஆரம்பித்ததிலிருந்து பசியே இல்லை, குமட்டல்தான் வருகிறது. ஏன்?

பதில்: குடலின் கீழ்ப்பகுதியில் எல்-செல்கள் இருக்கின்றன. ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய் என்ற நிறைவு ஹார்மோன்கள் இரண்டும் அங்கிருந்து வருபவை. நம் உடலே சுரக்கும் ஜி.எல்.பி-1 ரத்தத்தில் ஏறக்குறைய 2 நிமிடத்தில் பாதியாகிவிடும், டி.பி.பி-4 என்ற நொதி அதை வெட்டிவிடுகிறது. உங்கள் மருந்து ஜி.எல்.பி-1 போலவே செயல்படுவது, ஆனால் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அவ்வளவு நேரம் தங்குவதால், மூளைத்தண்டில் ரத்தத்திலிருந்து நேரடியாகச் செய்தி வாங்கும் ஏரியா போஸ்ட்ரீமா என்ற இடத்தையும் அது எட்டுகிறது. வாந்தியைத் தூண்டும் இடமும் அதுவே. இரைப்பை காலியாவதும் மெதுவாகிறது. அளவைச் சிறிது சிறிதாக ஏற்றுவது இதனால்தான். வாந்தி நிற்காவிட்டாலோ தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இதில் கணையத்துக்கு என்ன பங்கு?

பதில்: கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினோடு அமைலின் என்ற ஹார்மோனையும் சேர்த்தே வெளியிடுகின்றன. அதுவும் ஏரியா போஸ்ட்ரீமா வழியாக 'போதும்' என்று சொல்லும். முதல் வகை நீரிழிவில் பீட்டா செல்கள் அழிவதால் அமைலினும் போய்விடுகிறது. இன்சுலின் ஊசி அந்தக் குறையை நிரப்புவதில்லை. அதற்காக வந்த பிராம்லின்டைடு மருந்துக்கு அமெரிக்காவில் 2005-இல் அனுமதி கிடைத்தது.

கேள்வி: கஷ்டப்பட்டு எடையைக் குறைத்தேன். இப்போது முன்பைவிடப் பசிக்கிறது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?

பதில்: தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். கொழுப்புத் திசு குறைந்தால் அது சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறையும். கையிருப்பு தீர்கிறது என்று மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் எடுத்துக்கொள்கிறது. கூடவே இரைப்பையிலிருந்து வரும் பசி ஹார்மோனான கிரெலின் ஏறுகிறது. 2011-இல் வெளியான மெல்போர்ன் ஆய்வில், 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். லெப்டின், பி.ஒய்.ஒய், கோலிசிஸ்டோகைனின் எல்லாம் அப்போதும் பழைய அளவைவிடக் குறைவாகவே இருந்தன. கிரெலின் கூடுதலாக இருந்தது, பசியும் அப்படியே. நீங்கள் சொல்லும் பசி ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய ஒன்று. மருத்துவரிடம் போகும்போது எடையை மட்டும் சொல்லாமல் இந்தப் பசியையும் சொல்லுங்கள், சிகிச்சையை முடிவு செய்ய அது உதவும்.

கேள்வி: சாப்பிடும் முன் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தால் போதாதா?

பதில்: இரைப்பை விரியும், கொஞ்ச நேரம் நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீர் சீக்கிரமே இறங்கிவிடும். அதில் கொழுப்போ புரதமோ இல்லை, அதனால் கோலிசிஸ்டோகைனினைச் சுரக்கவைக்கவும் அதனால் முடியாது.