நிலவறையில் ஒரு பெஜோ

வணக்கம் அண்ணா,

பழைய சைக்கிள்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பாரிஸுக்குப் பக்கத்தில், லா கூர்நெவில், போன வருடம் ஒரு பழைய அப்பார்ட்மென்ட் வாங்கினோம். அதோடு சேர்ந்து வந்த நிலவறையில், பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ரேஸ் சைக்கிள் நின்றது. வெள்ளை நிறம். குழாய்கள் சேரும் இடங்களில் மட்டும் கறுப்பு. முன் ஃபோர்க்கின் கீழ்ப்பாதி குரோம், அதில் துருப்புள்ளிகள். பெஜோ என்று எழுதியிருக்கிறது. சீட்டுக்குக் கீழே கிழிந்த ஸ்டிக்கரில் '531' என்ற எண் மட்டும் தெரிகிறது. பின்னால் ஐந்து பல்சக்கரம், கியர் மாற்றி பிளாஸ்டிக், கிராங்கில் ஸ்ட்ராங்லைட் என்ற பெயர். டயர் ரிம்மோடு பசைபோட்டு ஒட்டியிருக்கிறது.

கடையில் கேட்டேன். "பிரெஞ்சு மரை, சாமான் கிடைக்காது, விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். ஊரில் அப்பாவின் றலி சைக்கிளை நானே கழற்றிப் பூட்டியிருக்கிறேன், அதனால் கைவைக்கப் பயமில்லை. சிவப்பில் பவுடர் கோட்டிங் அடித்து, புதுச் சாமான்கள் போட்டு மகனுக்குக் கொடுக்கலாமா? இது என்ன மொடல்? பெறுமதி ஏதும் இருக்குமா?

ர., லா கூர்நெவ்

அன்புள்ள ர.,

பவுடர் கோட்டிங்குக்கு இன்னும் கொடுக்கவில்லைதானே? கொடுக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வீட்டை விற்றவரிடமோ அவர் குடும்பத்திடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நிலவறை உங்களுடையதுதான், ஆனால் தங்கள் வீட்டுச் சைக்கிள் அங்கே நிற்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கலாம். 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அவர்கள் எழுதித் தந்தால் மனதுக்கும் நிம்மதி. அப்படியே பழைய போட்டோவோ வாங்கிய ரசீதோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். வண்டியின் வயதைச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது பெஜோவின் பி.எக்ஸ்-10 ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்தில் பெஜோ பொதுமக்களுக்கு விற்ற சைக்கிள்களில் உச்சத்தில் இருந்த வண்டி. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1966, 1967 இரண்டு வருடமும் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்றது பெஜோ அணியில்தான். 1975இல் அதே மெர்க்ஸை டூர் டி பிரான்ஸில் வீழ்த்திய பெர்னார் தெவெனேயும் பெஜோ அணிக்காரர்தான். அந்த அணியின் பெருமையைக் காட்டித்தான் இந்த வெள்ளை வண்டியைக் கடைகளில் விற்றார்கள்.

ஆனால் வெள்ளை நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மலிவான மொடல்களுக்கும் பெஜோ வெள்ளை அடித்தது. '531' என்பது பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் கம்பெனி 1935இல் கொண்டுவந்த மாங்கனீஸ்–மாலிப்டினம் எஃகுக் குழாய். இரு முனைகளிலும் தடிப்பாக, நடுவில் மெல்லியதாக இழுத்திருப்பார்கள். அந்த ஸ்டிக்கரிலும் வகை உண்டு. ஃபோர்க் உட்பட எல்லாக் குழாயும் 531 என்றால் ஒரு ஸ்டிக்கர், மூன்று முக்கியக் குழாய்கள் மட்டும் என்றால் வேறொன்று. பி.எக்ஸ்-10க்கு அடுத்த படியில் இருந்த பி.ஆர்-10 இந்த இரண்டாவது ரகம். உங்கள் ஸ்டிக்கர் கிழிந்திருப்பதால் வேறு வழியில் போக வேண்டும்.

சீட் பாரை உருவி அதன் விட்டத்தை அளந்து பாருங்கள். வெர்னியர் காலிப்பர் இரவல் கிடைத்தால் போதும். பி.எக்ஸ்-10இல் அது பொதுவாக 26.4 மி.மீ. இருக்கும். குழாய்ச் சுவர் தடித்த சாதா எஃகென்றால் உள்விட்டம் குறுகி, சீட் பாரும் தெளிவாக மெலிந்துவிடும். அடுத்து, பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் தகடு. நல்ல வண்டியில் அது அடித்து உருவாக்கிய தடித்த துண்டு, கியர் மாற்றியைப் பூட்டும் காதும் அதிலேயே இருக்கும். மலிவு வண்டியில் தகட்டை வெட்டிப் போட்டு, கியர் மாற்றியைத் தனிக் கொக்கியில் தொங்கவிட்டிருப்பார்கள். அப்புறம் குழாய் சேருமிடத்து லக். நல்ல ரகமான நெர்வெக்ஸ் புரொஃபெஷனல் என்றால் விளிம்பு வளைந்து வளைந்து பூவேலை மாதிரி ஓடும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் கையை, அச்சோடு பிடித்திருப்பது காட்டர் பின் என்ற ஆப்பாணியா, நடுவில் மூடி போட்ட போல்ட்டா என்றும் பாருங்கள். றலியில் நீங்கள் சுத்தியலால் தட்டி எடுத்த காட்டர் பின் இதிலும் இருந்தால் இது பி.எக்ஸ்-10 இல்லை.

வருடம்? பிளாஸ்டிக் கியர் மாற்றி சிம்ப்ளெக்ஸ் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். ஐந்து பல்சக்கரத்தையும் சேர்த்துப் பார்த்தால் 60களின் பிற்பகுதியிலிருந்து 70களின் முதல் பாதிக்குள் என்று ஊகிக்கலாம். நோர்மாந்தி, மையார் பெயர் போட்ட ஹப்கள் (சக்கரத்தின் நடுக்குடம்) சிலவற்றில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறித்திருப்பார்கள். அதையும் பாருங்கள். ஆனால் சைக்கிளில் முதலில் மாற்றப்படுவது சக்கரம்தான். ஹப்பின் வயதை ஃப்ரேமின் வயதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, மரை விஷயத்துக்கு வருவோம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. பிரெஞ்சு மரைக்குச் சாமான் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் உங்கள் வண்டியில் சாமான் ஏற்கெனவே இருக்கிறதே! அதைக் கெடுக்காமல் கழற்றிச் சுத்தம் செய்தால் புதிதாக வாங்க வேண்டியது கொஞ்சம்தான். கெடுப்பது மட்டும் ரொம்ப சுலபம்.

கிராங்கின் அச்சு சுழலும் பிபி (பாட்டம் பிராக்கெட்) கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு அளவு 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை. இங்கிலீஷ் அளவு 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. வித்தியாசம் 0.2 மி.மீ. அதனால் இங்கிலீஷ் கப் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போகும், 'பொருந்திவிட்டது' என்று நினைத்து சாவியைப் போட்டு இறுக்கினால் ஃப்ரேமின் மரை போச்சு. இன்னொன்று, இங்கிலீஷ் வண்டியில் செயின் பக்கக் கப் இடது மரை, கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். பிரெஞ்சில் இரண்டு பக்கமும் வலது மரை. றலி பழக்கத்தில் சுற்றினீர்களானால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பீர்கள். (றலியும் சாமானியமில்லை. ஊரெல்லாம் 24 மரை போட்டால் அவர்கள் தங்களுக்கென்று 26 வைத்துக்கொண்டார்கள்.) 70களின் கடைசியில் வந்த சில பெஜோக்களில் சுவிஸ் மரை உண்டு, அதில் அளவு பிரெஞ்சு, செயின் பக்கம் இடது மரை. கப்பின் முகத்தில் 35×1 என்று பொறித்திருக்கிறதா, பக்கத்தில் எழுத்து ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

என் யோசனை, செயின் பக்கக் கப்பைக் கழற்றவே வேண்டாம். இடப்பக்கக் கப்பை எடுத்து, அச்சை உருவி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். குண்டு ஓடும் தடம் வழவழப்பாக இருந்தால் இருந்த இடத்திலேயே துடைத்து, புது கிரீஸ் வைத்து, பக்கத்துக்குப் பதினொன்று வீதம் கால் அங்குலக் குண்டுகளைப் புதிதாகப் போட்டு மூடிவிடலாம். குழி விழுந்திருந்தாலும் கவலை இல்லை. மரையே தேவைப்படாமல் இருபுறமும் இறுகிப் பிடிக்கும் பிபி யூனிட்கள் வந்துவிட்டன.

அதற்கு முன் கிராங்கைக் கழற்ற வேண்டுமே. இன்று கடையில் கிடைக்கும் கிராங்க் கழற்றி 22 மி.மீ. பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு வேண்டியது 23.35 மி.மீ. இடையில் டி.ஏ. கம்பெனியின் 23 மி.மீ. கருவி ஒன்றும் இருக்கிறது. அது பிடித்ததுபோல் பாவனை காட்டி, திருகும்போது அலுமினிய மரையை உருவிக்கொண்டு வந்துவிடும். சரியான கருவி இல்லாமல் கிராங்கைத் தொடாதீர்கள். உங்கள் பக்கத்தில் கூட்டுப் பட்டறைகள் உண்டு. சிறிய சந்தா கட்டினால் கருவியும் தருவார்கள், பழம் தின்று கொட்டை போட்ட தாத்தா யாராவது கூடநின்று சொல்லியும் கொடுப்பார். லெரோ சிக்லாஜ் என்ற கூட்டமைப்பில் பிரான்ஸ் முழுக்க இப்படிப்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. கடையில் முகம் சுளிக்கும் வேலையை அங்கே ஆசையாகச் செய்வார்கள்.

பெடலும் 14 மி.மீ. பிரெஞ்சு மரைதான். அச்சு முனையில் வலது, இடதுக்கு ஆர், எல் என்பதற்குப் பதில் பிரெஞ்சில் டி, ஜி இருந்தால் உறுதி. பழைய பெடலே ஓடினால் விட்டுவிடுங்கள். கட்டாயம் மாற்ற வேண்டுமென்றால் கிராங்கில் இங்கிலீஷ் டாப் (மரை வெட்டும் கருவி) ஓட்டலாம். உலோகம் கொஞ்சம்தான் போகும்.

இனி பெயின்ட். பவுடர் கோட்டிங்குக்கு முன் மணல் பீய்ச்சிச் சுரண்டுவார்கள். ஸ்டிக்கர் போகும், குரோமையும் எடுக்கச் சொல்வார்கள். மேலே விழும் பூச்சு தடிப்பானது, லக்கின் கூர்மையான விளிம்புகளை மூடி மழுக்கிவிடும். அப்புறம் அது ஏதோ ஒரு சிவப்பு சைக்கிள். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, கார் பாலிஷ் போட்டு, மெழுகு தடவுங்கள். ஸ்டிக்கரைத் தேய்க்க வேண்டாம். குரோமின் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். கீறல்கள் இருக்கட்டும்.

காசு செலவழிக்க வேண்டிய இடங்கள் வேறே. டயர் புவாயோ வகை, ரிம்மில் பசையில் ஒட்டுவது. பழைய பசையை நம்பி ஏறக்கூடாது, திருப்பத்தில் டயர் கழன்று வரும். மகன் தினமும் ஓட்டப் போகிறான் என்றால் சாதாரண டியூப் டயர் போடும் 700 சி சக்கரம் ஒரு ஜோடி பழையதாகத் தேடுங்கள், பிரேக் கட்டை சரியாகவே போய் உட்காரும். ரிம் பிரேக்குக்கான இன்றைய புதுச் சக்கரம் பின்னால் பெரும்பாலும் 130 மி.மீ. அகலம், உங்கள் ஃப்ரேம் 120. அதனால்தான் பழையது என்கிறேன். அசல் சக்கரங்களைத் துடைத்துச் சுவரில் மாட்டிவிடுங்கள். பிரேக் மாஃபாக் என்றால் புதுக் கட்டைகள் கிடைக்கின்றன. கிறீச்சென்று கத்தும், அது அதன் பிறவிக் குணம். கேபிள் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கியர் மாற்றியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெடித்திருந்தால் அதே காலத்து உலோக சிம்ப்ளெக்ஸ் போடலாம், உறுத்தாது.

ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மில் 'ஆவா' என்ற பெயர் இருந்தால் அதை மாற்றாமல் மகனை ஏற்றாதீர்கள். அதன் கீழ்ப்பகுதியில் இருக்கும் வெட்டில் விரிசல் விட்டு, ஓட்டும்போதே முறிவதற்குப் பேர்போன சாமான் அது. கடைகளில் இருக்கும் ஸ்டெம் 22.2 மி.மீ., உங்கள் ஃபோர்க்குக்கு 22.0. உப்புத்தாளால் சீராகத் தேய்த்து இறக்குவது வழக்கம்தான்.

பெறுமதி கேட்டீர்கள். அசல் பெயின்ட், அசல் சாமான், பலருக்கும் பொருந்தும் ஃப்ரேம் அளவு, இந்த மூன்றும் சேர்ந்தால் வாங்க ஆள் உண்டு. பழைய சாமான் விற்கும் லெ பொன் குவான் தளத்தில் கேட்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், கேட்பது வேறு, போவது வேறு. விற்காமல் வைத்திருந்தால், லுவார் நதிக்கரையில் சோமுர் ஊரில் நடக்கும் ஆன்ஜு வேலோ வின்டாஜுக்கு நீங்களும் மகனும் போகலாம். பழைய சைக்கிளும் பழைய உடுப்புமாக ஊரே கூடும்.

சீட் பாரை அளந்ததும் எண்ணை எழுதுங்கள். பின்தகட்டையும் லக்கையும் கிட்டப்போய் எடுத்த படங்கள் இருந்தால் அனுப்புங்கள், பி.எக்ஸ்ஸா பி.ஆரா என்று சொல்லிவிடலாம்.