ஒளவையும் ஒளியும்

அன்புள்ள ஐயா,
என் பழைய கட்டுரைக் கோப்புகளில் ‘ஔ’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒ, ள என்று இரண்டு எழுத்துகளாக இருக்கின்றன. ‘ஒள’வை ‘ஔ’ ஆக்க, எழுத்துகளைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையை, கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தச் சொல்லும் மைனஸ் ஐ (-i) போட்டு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதினேன். லினக்ஸில் ஓடுகிறது, மேக்கில் பிழை காட்டுகிறது. இரண்டிலும் ஓட என்ன வழி? பேக்கப் கோப்புகள் குவிவது எனக்குப் பிடிக்காது.
எஸ்.

அன்புள்ள எஸ்,
மேக்கின் செட் அந்த ஐக்குப் பின்னால் பேக்கப்புக்கான பின்னொட்டைக் கட்டாயம் கேட்கும். இடைவெளி விடாமல் ஐயோடு ஒட்டி ‘.பேக்’ (.bak) என்று கொடுங்கள், இரண்டிலும் ஓடும். பேக்கப் குவியும். குவியட்டும்.

லினக்ஸில் ஓடுகிறது என்கிறீர்களே, ஓடிய பிறகு ஒரு கோப்பையாவது திறந்து பார்த்தீர்களா? ‘ஒளி’ என்ன ஆனது? அதிலும் ஒ, ள இருக்கிறதே! ஔவுக்குப் பக்கத்தில் ஒரு அநாதை மேல்விலங்கு (ி) தொங்கிக்கொண்டிருக்கும். ‘ஒளவ’, ‘ஒளட’ இரண்டை மட்டும் மாற்றினாலே ஔவையும் ஔடதமும் சரியாகிவிடும். அதற்கும் முன்னால், வரிகளைத் தேடிக் காட்டும் கிரெப் (grep) கட்டளையைப் போட்டு, எந்தெந்த வரி மாறப்போகிறது என்று பாருங்கள். படிக்காத வரியைத் திருத்த என்ன அவசரம்?

‘இருந்த இடத்திலேயே திருத்துவது’ என்பதும் பேச்சுக்குத்தான். 1970களில் அமெரிக்காவின் பெல் லேப் ஆய்வகத்தில் லீ மக்மஹோன் செட்டை எழுதியபோது, ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் விடுவதுதான் அதன் வேலை. மைனஸ் ஐ பிற்பாடு வந்தது. இன்றைக்கும் அது தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி முடித்துவிட்டுத்தான் பெயரை மாற்றிக்கொள்கிறது. மூலத்தின் மேலேயே எழுத செட்டுக்கே தைரியமில்லை. உங்களுக்குப் பேக்கப் குப்பையாகத் தெரிகிறது.

கோபம் உங்கள் மேல் இல்லை. அப்பாவின் டைரிகளை என் அத்தை தட்டச்சு செய்து கொடுத்தார். அவருக்கு ஔ விசை கடைசிவரை பிடிபடவில்லை. நானும் இதே ஸ்கிரிப்டைத்தான் ஓட்டினேன். “சாவியை ஒளித்து வைத்த இடம் மறந்துவிட்டது” என்ற வரி ‘ஔித்து’ என்று விழித்தது. பதறிப்போய்த் திருப்பி மாற்றும்போது, வெளியீட்டை அதே கோப்புக்கே திருப்பிவிட்டேன். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், முதலில் கோப்பைக் காலி செய்துவிட்டுத்தான் செட்டையே கூப்பிடும். ஒரு வருட டைரி, சுழியம் பைட்.

அத்தை ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து அடித்தார். மூன்று மாதம் ஆனது. இந்த முறையும் ‘ஒளவை’தான்.